சின்னப் போர்ச், வெள்ளைப் பூசணி: ஃபால் அலங்காரம் சொதப்பினால் எங்கே பார்ப்பது

அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறு வீடுகளின் முன்கதவுக்கு வெளியே ஐந்தடிக்கு ஆறடி அளவில் ஒரு போர்ச் இருக்கும். இரண்டு படி, ஒரு விளக்கு, அதிர்ஷ்டமிருந்தால் ஒரு பிளக் பாயின்ட். ஃபால் என்னும் இலையுதிர்காலம் வந்ததும் அந்த இடத்தை ஆரஞ்சு இல்லாமல் வெள்ளை, கிரீம், வைக்கோல் நிறம், சாம்பல், பழுப்பு என்று அடக்கமாக ஜோடிக்கிறவர்கள் நிறையப் பேர். ஆரஞ்சுப் பூசணியில் விழுந்த கறை பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. கிரீம் நிறத்தில் மழைத்துளி காய்ந்த தடம்கூடத் தெரியும். இடமும் சின்னது, ஒன்று கெட்டால் அதை மறைக்க இன்னொன்று இருக்காது.

உங்கள் வாசலில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் தீர்வது முதலில், செலவு வைப்பது கடைசியில். முதல் சோதனையை முடிக்காமல் கடைக்கு வண்டி எடுக்க வேண்டாம். இந்த அளவு இடத்தில் பாதிச் சிக்கல் ஒரு பொருளை எடுத்தாலோ நகர்த்தினாலோ தீர்ந்துவிடும்.

எல்லாம் வைத்தாயிற்று; தெருவிலிருந்து பார்த்தால் வெறும் சுவர்

தெருவோரம் போய் நின்று போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்.

*சுவர், கதவு, பூசணி, தொட்டி எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிகிறதா?* நிறத் தேர்வில் தப்பில்லை, வெளிர்–அடர் வித்தியாசம் இல்லை. பழுப்பு சைடிங் (வெளிச்சுவர்ப் பலகை) போட்ட வீட்டின் முன் கிரீம் பூசணி வைத்தால் இதுதான் நடக்கும். வெள்ளைப் பொருளுக்குப் பின்னால் கறுப்பிலோ அடர் பழுப்பிலோ ஒன்று நிற்க வேண்டும்: கறுப்பு இரும்பு லாந்தர், கருத்துப்போன பழைய மரப்பெட்டி, அடர்நிறக் கூடை. முதலில் வீட்டுக்குள் இருப்பதைக் கொண்டுவந்து வைத்து மறுபடி படம் எடுங்கள். கதவே கறுப்பு அல்லது கருநீலம் என்றால் வேலை சுலபம். சுவரோரம் இருக்கும் வெள்ளைக் காய்களைக் கதவுச் சட்டத்தை ஒட்டி நகர்த்தினால் போதும்.

*வித்தியாசம் இருக்கிறது, ஆனால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா?* அளவு போதவில்லை. உள்ளங்கையில் அடங்கும் பேபி பூ (Baby Boo) ரகப் பூசணியைப் பன்னிரண்டு வைத்தாலும் முப்பதடி தள்ளி அது கூழாங்கல்தான். 12 முதல் 14 அங்குலக் குறுக்களவில் ஒரு காயாவது வேண்டும். பக்கத்தில் சாம்பல்நீல ஜாராடேல் அல்லது தட்டையான, தோல் பழுப்பான லாங் ஐலண்ட் சீஸ் ரகப் பூசணி ஒன்று. குட்டிகளைப் படிக்கு ஒன்றாகப் பரப்பாமல் ஒரே கூடையில் கொட்டிவிடுங்கள்.

*பகலில் சரி, இரவில் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறதா?* பல்பைக் கழற்றி அதில் எழுதியிருக்கும் கெல்வின் எண்ணை, அதாவது ஒளியின் நிற அளவை, படியுங்கள். 5000 கெல்வின் பல்பு கிரீம் நிறத்தை நீலம் பாரித்த வெள்ளையாக்கிவிடும். 2700 கெல்வின் எல்இடி போடுங்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் மூடிய விளக்கு என்றால், மூடிய விளக்குக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். இல்லாத பல்பு சூட்டில் சீக்கிரம் போய்விடும்.

*கதவும் சுவரும் ஒரே நிறமா?* கதவுக்கு அடர்நிறப் பெயின்ட் அடிப்பது கடைசி வழி. குடியிருப்புச் சங்கம் இருந்தால் முதலில் அவர்களிடம் அனுமதி. பெரும்பாலான வெளிப்புற லேட்டக்ஸ் பெயின்டுக்கு 50 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது வேண்டும், அக்டோபர் இரவுகள் அதற்கு இடம் கொடுக்காது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978-இல். வீடு அதற்கு முந்தையது என்றால் பழைய பெயின்டை நீங்களே சுரண்ட வேண்டாம். ஈயப் பெயின்ட் வேலைக்குச் சான்று பெற்ற பெயின்டரைக் கூப்பிடுங்கள்.

கதவு இடிக்கிறது, நடக்க இடமில்லை

முன்கதவுக்கு வெளியே இன்னொரு கதவாக, வெளிப்பக்கம் திறக்கும் ஸ்டார்ம் கதவு இருந்தால் அதை முழுக்கத் திறந்து, அதன் ஓரம் போகும் வளைவைச் சாக்பீஸால் தரையில் வரையுங்கள். கோட்டுக்குள் எதுவும் வரக்கூடாது. படியிலிருந்து கதவு வரை 36 அங்குல வழி விட்டால் மீதி இடம் பெரும்பாலும் கீல் பக்கத்து மூலை ஒன்றுதான். அங்கே மட்டும் உயரமாக அடுக்குங்கள், கைப்பிடிப் பக்கம் ஒரே ஒரு பொருள். படிக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் பூசணி வரிசை வைப்பது படத்தில் அழகு. அக்டோபர் 31 ஹாலோவீன் இருட்டில் முகமூடி போட்ட குழந்தைகள் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

பூசணி அமுங்குகிறது, கீழே நீர் கசிகிறது

இங்கே வெள்ளைப் பூசணி என்றால் ஊரில் திருஷ்டி சுற்றி உடைக்கும் பூசணி இல்லை. தோல் மட்டும் வெளுத்த பரங்கி. வெட்டாத நல்ல காய் குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். அதற்கு முன்பே போனால், எங்கே அமுங்குகிறது என்பதுதான் துப்பு.

*அடியில்.* சிமென்ட் தரை இரவுப் பனியில் நனைகிறது, காய் உட்கார்ந்த இடம் உலர்வதே இல்லை. இரண்டு மரச்சட்டத்தின் மேலோ தேங்காய் நார் மிதியடியின் மேலோ ஏற்றி வையுங்கள். விளிம்பு வைத்த தகரத் தட்டு வேண்டாம், அதில் தண்ணீர் தேங்கும்.

*காம்பைச் சுற்றி.* யாரோ காம்பைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். காம்பு ஒடிந்த வெடிப்பில் பூஞ்சை ஏறும். கடையிலேயே காம்பில்லாத, காம்படி ஆடுகிற காயை விட்டுவிடுங்கள். காம்பு முழுசாக இருந்தும் அழுகினால் குழியில் மழைநீர் நிற்கிறது. மழை விட்டதும் துணியால் ஒற்றி எடுங்கள்.

*வெயில் படும் பக்கம்.* காய் வேகிறது. டெக்சாஸில் செப்டம்பரில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்கள் நிறைய. தெற்கோ மேற்கோ பார்த்த வாசலில் அந்த மாதம் நிஜப் பூசணி வைப்பது வீண். அக்டோபர் நடுவரை கூடை, லாந்தர், உலர்ந்த கோதுமைக் கதிரோடு சமாளியுங்கள்.

*ஒரே இரவில், காய் முழுக்க நீர் கோத்தது போல.* உறைபனி. வந்தபின் மருந்தில்லை, எடுத்துவிட வேண்டியதுதான். 32 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 0 செல்சியஸுக்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னால் அன்று இரவு காய்களை உள்ளே எடுங்கள். எடுக்க முடியாத பெரிய காயைப் பழைய பெட்ஷீட்டால் தரைவரை மூடுங்கள். 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் கராஜ் மூலை அவற்றுக்குப் பிடித்த இடம்.

*மூன்று வாரத்துக்குள் ஒவ்வொன்றாக, இடம் சொல்லாமல்.* தோட்டத்திலிருந்தே தோலில் பூஞ்சை வந்திருக்கிறது. அடுத்த முறை வாங்கி வந்த அன்றே ஒரு பங்கு ப்ளீச், பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, நன்றாகக் காயவிட்டு வையுங்கள். ப்ளீச்சோடு வினிகர், அமோனியா எதையும் சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும். கத்தியால் குடைந்த காய்க்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அது சில நாள் கூத்து.

சீசன் முடிந்ததும் நல்ல காயைச் சாம்பாரில் போடலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ப்ளீச், பெயின்ட், அணில் விரட்டும் ஸ்ப்ரே எதுவும் படாத, உறைபனி தொடாத பூசணி என்றால் தாராளமாகப் போடலாம். லாங் ஐலண்ட் சீஸ் சமையலுக்கே பேர்போனது. ஆனால் கூடையில் கிடக்கும் முடிச்சு முடிச்சான அலங்காரச் சுரைக்காயைத் தொட வேண்டாம். அதன் கசப்பே நச்சு.

வெள்ளைப் பூசணி மஞ்சளாகிறது

கெட்டுப்போகவில்லை. லுமினா, பேபி பூ போன்ற ரகங்கள் வெயிலில் வெளுப்பை இழந்து மஞ்சள் பூசிக்கொள்ளும். நேர்வெயில் படாத மூலைக்கு மாற்றுங்கள். ஏறிய மஞ்சள் இறங்காது, அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். நாள் முழுக்க வெயில் அடிக்கும் வாசலுக்கு வெள்ளையை விட்டுவிட்டு ஜாராடேல் வாங்குவது புத்திசாலித்தனம்.

பூசணியில் பல் தடம்

சின்னச் சின்ன இணைக்கீறலாகச் சுரண்டியிருந்தால் அணில். பெரிய கிழிசலாகக் கடித்து, புல்லில் குளம்புத் தடம் இருந்தால் மான்.

முதலில் காசில்லாத வேலை: பக்கத்தில் பறவைத் தீனிப் பெட்டி தொங்கினால் தள்ளி மாட்டுங்கள், வெடித்த காயை உடனே அகற்றுங்கள். வாசனைதான் அழைப்பு. அடுத்தது காரம். பாலூட்டிகளுக்கு உறைக்கும், பறவைகளுக்கு உறைக்காது. சமையலறையில் மிளகாய்த்தூள் இருக்கிறதே என்று அள்ளித் தூவினால் வெள்ளைத் தோலில் சிவப்புச் சாயம் இறங்கும். கடையில் விற்கும் தெளிந்த மிளகாய் ஸ்ப்ரேதான் இந்த நிறத்துக்குத் தோது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மறுபடி அடிக்க வேண்டும். அதற்கும் அடங்காத இடத்தில் வெளியே ஃபோம் பூசணி, நிஜக் காய் ஜன்னலுக்கு உட்புறம்.

பரணிலோ கூரை விளிம்புக்குள்ளோ ஓடும் சத்தம் கேட்டால் இது அலங்காரச் சிக்கல் இல்லை. காட்டுயிர் அகற்றுபவரைக் கூப்பிடுங்கள்.

சாமந்தி சொன்னபடி கேட்கவில்லை

கடையில் மம் என்று விற்பது நம் சாமந்திதான்.

*மொட்டு பச்சையாகவே நிற்கிறது.* உரம் போடாதீர்கள். போர்ச் விளக்கு இரவு முழுக்க எரிகிறதா என்று பாருங்கள். சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும், விளக்கு அதை ஏமாற்றுகிறது. நிறம் காட்டாத மொட்டு உள்ள தொட்டியை வெளிச்சம் விழாத பக்கம் நகர்த்துங்கள், அல்லது ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் பல்பு போடுங்கள். அப்படியும் உடனே பூக்காது. இந்த வாரமே பூ வேண்டுமென்றால் கால்வாசி திறந்து, மீதி மொட்டில் நிறம் தெரிகிற செடியாக வாங்குவதுதான் வழி. முழுக்க மலர்ந்ததை வாங்கினால் அதன் நல்ல நாட்கள் கடையிலேயே போய்விட்டன.

*இலை தொங்குகிறது, பூ பழுப்பாகிறது.* தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் காய்ந்திருக்கிறது. தொட்டி முழுக்க வேர் அடைத்து, பீட் கலவை சுருங்கியிருக்கும். ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து வெளியேறும். மண் நனைந்தது போல் தெரிந்தாலும் நம்பாதீர்கள். வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் தொட்டியை உட்கார வையுங்கள், குமிழி நின்றதும் எடுங்கள். கனமாக இருந்தும் வாடினால் எதிர்ச் சிக்கல்: அழகுக்காக உள்ளே இறக்கிய கூடையிலோ பானையிலோ தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. கொட்டிவிட்டு, அடியில் உயரம் கொடுங்கள்.

*இலை நன்றாக இருக்கிறது, பூ மட்டும் பழுப்பு.* தண்ணீர் பூவின் மேல் விழுகிறது. வெள்ளைப் பூவில் இது மறுநாளே தெரியும். செடியின் அடியில் ஊற்றுங்கள், கூரை சொட்டும் கோட்டிலிருந்து ஓரடி உள்ளே இழுங்கள்.

*நடுவில் பிளந்து சரிந்துவிட்டது.* காற்று, அல்லது காரில் வந்த லட்சணம். இலைக்கு உள்ளே, பாதி உயரத்தில் சணல் கயிறு ஒரு சுற்று.

குளிர் கூடக் கூட மோசமாகும் சாமந்திக்குப் பதில், குளிர் கூடக் கூட நிறம் ஏறும் அலங்கார முட்டைக்கோஸ் வெள்ளை ரகத்தில் கிடைக்கும். இந்த வாசலுக்கு அதுதான் எங்கள் முதல் சிபாரிசு. வெயில் காலத்திலேயே வாங்கி, உள்ளே வெளுக்கவில்லை என்று தூக்கி எறிய வேண்டாம். இரவு 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கிச் சில வாரம் ஆக வேண்டும். பூனை, நாய் இலையைக் கடிக்கும் வீடு என்றால் சாமந்தி அவற்றுக்கு நச்சு என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வைக்கோல் கட்டு முளைக்கிறது, நாறுகிறது

வெட்டு முனையைப் பாருங்கள். பொன்னிறமாக, உள்ளே குழலாக இருந்தால் வைக்கோல். பச்சை படர்ந்து, இலையும் விதைத் தலையும் இருந்தால் அது மாட்டுத் தீவனப் புல், தப்பானதை வாங்கிவிட்டீர்கள். விதை முளைக்கும், ஈரம் பிடிக்கும், எலி வரும். வைக்கோலும் மழைக்குப் பிறகு நாறினால் கட்டுக்குள் கை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பு என்றால் மக்கத் தொடங்கிவிட்டது, சுவரை விட்டு இன்றே அகற்றுங்கள். ஈரம் மட்டும் என்றால் வெயிலில் நிமிர்த்தி வைத்துக் காயவிட்டு, அடியில் இரண்டு மரச்சட்டம் கொடுத்துத் திரும்ப வையுங்கள்.

முழுக்கட்டு ஏறக்குறைய 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஆறடிப் போர்ச்சில் அது சோபா. கைவினைக் கடைகளில் விற்கும் ஓரடிக் குட்டிக் கட்டு போதும்.

பக்கத்தில் மெழுகுவத்தி, சூடேறும் பல்பு, சிகரெட் சாம்பல் கிண்ணம் எதுவும் கூடாது. காய்ந்த பூவும் சோளத்தட்டையும் சட்டென்று பற்றும் என்றுதான் அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ பேட்டரி மெழுகுவத்தியைச் சொல்கிறது. கட்டுக்குக் கீழே எலிப் புழுக்கை கண்டால் கட்டோடு வெளியேற்றுங்கள். வீட்டுக்குள்ளும் கண்டால் பூச்சி ஒழிப்பவரை அழையுங்கள்.

கதவு ரீத்: கதவு இறுகவில்லை, உதிர்கிறது, சுரண்டுகிறது

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா கதவில் தொங்கும் ரீத் என்ற வளையத்தைப் பார்த்து ஒரு நிமிடம் திகைப்பார்கள், அங்கே மலர்வளையம் சாவு வீட்டுக்குப் போவது. அது தீர்க்கக்கூடிய பிழை இல்லை, சொல்லிப் புரியவைக்கலாம்.

*கதவு இறுகவில்லை, குளிர்காற்று வருகிறது.* கதவு மேல் மாட்டிய தகரக் கொக்கி தடிமன். ஒரு தாளை மேல் இடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் கொக்கிதான் காரணம். பிறகு ஃபிரிட்ஜ் காந்தத்தைக் கதவில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புக் கதவு, காந்தக் கொக்கி வாங்கலாம். ஒட்டாவிட்டால் மரம் அல்லது ஃபைபர்கிளாஸ், வெளிப்புறத்துக்கான ஒட்டும் கொக்கி போடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, கதவு 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும் மதிய நேரத்தில் ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து மாட்டுங்கள். குளிர்ந்த காலையில் ஒட்டியது ராத்திரியே விழும்.

*பூவும் காயும் உதிர்கிறது.* ஸ்டார்ம் கதவுக் கண்ணாடிக்கும் உள்கதவுக்கும் நடுவே மாட்டியிருக்கிறீர்கள். வெயிலில் அந்த இடைவெளி அடுப்பு, ஹாட் குளூ இளகிவிடும். கண்ணாடிக்கு வெளியே மாற்றுங்கள், உதிர்ந்ததைப் பசைக்குப் பதில் மெல்லிய கம்பியால் கட்டுங்கள்.

*பெயின்ட் சுரண்டுகிறது.* ரீத்தின் பின்பக்கம் கீழ்ப்பாதியில் நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் வட்டம் மூன்று. 36 அங்குலக் கதவுக்கு 22 முதல் 24 அங்குல ரீத் அளவு. அதைவிடப் பெரியது காற்றைப் பிடிக்கும்.

விளக்குச் சரம் எரியவில்லை

*பேட்டரிச் சரம்.* குளிரில் அல்கலைன் பேட்டரி சோர்ந்துபோகும். பெட்டியில் தடை எழுதாவிட்டால் லித்தியம் ஏஏ போடுங்கள். ஆறு மணி நேரம் எரிந்து பதினெட்டு மணி நேரம் அணையும் டைமர், நீங்கள் ஸ்விட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணும். காலையில் பேட்டரி மாற்றினால் பகலில்தான் எரியும்.

*பிளக்கில் போடுவது.* வெளிச்சுவர் பிளக் பாயின்டில் ஜிஎஃப்சிஐ என்ற பாதுகாப்பு இருக்கும், ஈரம் பட்டால் தானே அணைத்துவிடும். எல்லாவற்றையும் கழற்றி, கை உலர்ந்திருக்க, ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். வாசலில் பொத்தானே இல்லையா? கராஜ், பேஸ்மென்ட், பாத்ரூம் பிளக்குகளில் தேடுங்கள். அங்கே இருப்பது இதையும் சேர்த்துக் காக்கலாம். மின்சாரம் வந்ததும் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகியதும் அணைகிறதோ அது குற்றவாளி, குப்பைக்குப் போகட்டும். எல்லாம் சேர்ந்து மழையில் மட்டும் அணைந்தால், சரமும் எக்ஸ்டென்ஷன் கேபிளும் சேரும் முனை தரையில் கிடந்து நனைகிறது. வெளிப்புறத்துக்கான கேபிள்தானா என்று பார்த்து, முனையைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். செருகிய நிலையிலும் மூடிக்கொள்ளும் மூடி பிளக்குக்கு வேண்டும்.

ஒன்றுமே செருகாமல் அணைகிறது, கருகிய வாடை, பிளக் தொட்டால் சூடு: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பிரேக்கரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். யூடியூப் பார்த்துத் திறக்கும் இடம் இது இல்லை.

மிதியடி வழுக்குகிறது, தரையில் கறை

கதவு 36 அங்குலம் என்றால் 18-க்கு 30 அங்குல நார் மிதியடி, அதற்கடியில் 2-க்கு 3 அடி விரிப்பு. இரண்டடுக்கு வைத்தபின் கதவு உரசினால் கீழ் விரிப்பு தடிமன். தட்டையாக நெய்ததாக மாற்றுங்கள். இந்த நாருக்கு ஆங்கிலத்தில் உள்ள காயர் என்ற பெயரே நம் கயிற்றோடு உறவுள்ள மலையாளச் சொல்லிலிருந்து போனது. ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்த பொருள், மழையில் ஊற விட்டால் பழுப்புச் சாயம் கக்கும். வாரம் ஒருமுறை உதறி, கைப்பிடிச் சுவரில் போட்டுக் காயவையுங்கள்.

கறைக்கு நிறம் பாருங்கள். தேநீர் நிறத்தில், இலை வடிவில் இருந்தால் இலைச்சாறு. ஆக்ஸிஜன் ப்ளீச் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். செங்காவி வளையம் என்றால் இரும்புத் தொட்டியின் துரு. அதற்குச் சாதாரண ப்ளீச் ஊற்றினால் கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸாலிக் அமிலம் உள்ள துரு நீக்கி வாங்கி, கையுறையோடு தேயுங்கள். கலப்பு மரத் தரையிலோ வினைலிலோ ரப்பர் அடி மிதியடியின் அச்சில் மஞ்சள் படிந்திருந்தால் அது பெரும்பாலும் போகாது. மிதியடியை மாற்றுங்கள், அதே அளவில் விரிப்பு போட்டு மறையுங்கள்.

தேய்க்கும்போது சிமென்ட்டின் மேல்தோலே செதில் செதிலாகப் பெயர்ந்தால் நிறுத்துங்கள். உறைந்து உருகும் தண்ணீரும் பனிக்காலத்து உப்பும் செய்த வேலை அது. பிரஷர் வாஷர் அடித்தால் இன்னும் பெயரும். கான்கிரீட் ஆளைக் கூப்பிடுவதென்றால் முதல் உறைபனிக்கு முன்பே கூப்பிடுங்கள், புதிய பூச்சு குளிரில் சரியாக இறுகாது.